பர்லியார் வழியே மலையேறிய துப்பாக்கி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பஸ்ஸில் கல்லாறைத் தாண்டி, சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பர்லியார் வரும். மங்குஸ்தான், துரியன், பலா விற்கும் கடைகள், கடைகளைக் குறிவைத்துக் காத்திருக்கும் குரங்குகள், டீக்கடை, அரசுத் தோட்டக்கலைப் பண்ணை, சோதனைச் சாவடி. இவ்வளவுதான் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படும் பர்லியார். சாவடியில் வண்டிகளை நிறுத்தித் தேடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான். துப்பாக்கியைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

ஆனால் நீலகிரிக்கு வந்த துப்பாக்கிகளில் பெரும்பகுதி இந்த மலைப்பாதை வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். 1830-களில் குன்னூர் பாதை திறந்த பிறகு காப்பி, தேயிலை, சின்கோனா பயிரிட வந்த வெள்ளைக்காரத் துரைகளின் சாமான்களில் துப்பாக்கிப் பெட்டி கட்டாயம் இருக்கும். அதே பாதையில் இன்னும் மேலே போனால் வெலிங்டன் ராணுவ முகாம், அதற்கடுத்து அருவங்காடு. 1900-களின் தொடக்கத்தில் அங்கே அமைந்த கார்டைட் தொழிற்சாலை இன்றும் வெடிமருந்து தயாரிக்கிறது. தோட்டாவுக்குள் போகிற மருந்தையே தயாரிக்கிற மலை இது. அதே மலையில் ஒரு விவசாயி சட்டப்படி ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் சுமார் 165 வருட வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் என்று பேச்செடுத்தால் 1791-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தில் ஆரம்பிப்பார்கள். ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை, அரசு அதில் எவ்வளவு கை வைக்கலாம் என்பதுதான் அங்கே வழக்கு. இந்தியாவில் கதை தலைகீழ். இங்கே ஆரம்பமே தடைதான். தடையிலிருந்து யாருக்கு எவ்வளவு விலக்கு தரலாம் என்பதுதான் நமது சட்டங்களின் மொத்தக் கதையும்.

1857 கிளர்ச்சி பிரிட்டிஷாரை நன்றாகவே பயமுறுத்திவிட்டது. அது அடங்கியதும் நாட்டில் ஆயுதங்களைப் பறிமுதல் செய்யும் வேலை நடந்தது. 1860-ல் ஒரு ஆயுதச் சட்டம் வந்தது. அதைவிடக் கடுமையாக 1878-ல் வைசிராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. (இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே லிட்டன், அதே 1878. பேனாவும் துப்பாக்கியும் ஒரே வருடத்தில் மாட்டிக்கொண்டன.) உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் ஆனது. ஆனால் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு. பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் சிலருக்கும் விலக்கு. அதாவது குன்னூரில் எஸ்டேட் வைத்திருந்த துரைக்கு உரிமம் தேவையில்லை. அவர் எஸ்டேட்டை ஒட்டி ராகி விதைத்த படுகருக்கும், பர்லியார் சரிவில் வாழ்ந்த குரும்பருக்கும், இருளருக்கும் தேவை.

அடுத்த வருடமே, 1879-ல், சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே ஒரு சட்டம் போட்டது. நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். இதற்குப் பின்னால் இருந்தவர்கள் 1877-ல் ஊட்டியில் ஆரம்பிக்கப்பட்ட நீலகிரி வேட்டைச் சங்கத்தினர். எந்த விலங்கை எந்த மாதத்தில் சுடலாம், யார் சுடலாம், எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு வந்தது. இதில் நல்லதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்டபடி சுடப்பட்டு எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்த வரையாடு இன்று முக்குர்த்தியில் மேய்கிறதென்றால் அதில் அந்தக் கட்டுப்பாடுகளுக்கும் பங்கு உண்டு. அந்தச் சங்கமே பிற்காலத்தில் பெயரையும் நோக்கத்தையும் மாற்றிக்கொண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாகிவிட்டது. ஆனால் 1878, 1879 இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. ஒன்று மலைவாசியிடமிருந்து ஆயுதத்தை எடுத்தது. இன்னொன்று மிருகத்தை எடுத்தது. துரை சுட்டால் அது விளையாட்டு, குரும்பர் பிடித்தால் அது திருட்டு வேட்டை.

பக்கத்து மலையில் வேறு நியாயம் இருந்தது. நீலகிரிக்கு வடமேற்கே உள்ள குடகில், கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருந்தவர்களுக்கும் 1861-லேயே ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். 1857-ல் அவர்கள் பிரிட்டிஷாருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்பதுதான் காரணம். இந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 2019 அக்டோபரில் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. இதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரே மலைத்தொடர், ஒரே காட்டுப்பன்றி, ஒரே யானை. ஒரு பக்கம் துப்பாக்கி குலவழக்கம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது, இன்னொரு பக்கம் அப்படிக் கேட்கக்கூட ஆளில்லை.

1878 சட்டத்தின் மேல் படித்த இந்தியர்களுக்கு இருந்த கோபம் சாதாரணமானதல்ல. 1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில் நடந்தபோது ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பிபின் சந்திர பால் அதற்காகப் பேசியது அந்த மாநாட்டில்தான். காந்தியே கூட 1918-ல் கேடாவில் ராணுவத்துக்கு ஆள் சேர்த்த சமயத்தில் வெளியிட்ட துண்டறிக்கையில், ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தை பிரிட்டிஷாரின் தவறுகளிலேயே மிக மோசமானது என்கிற பொருளில் எழுதினார். அகிம்சை பேசியவர் ஆயுதச் சட்டத்தைத் திட்டுவதா என்று இன்று படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவருக்கு உறுத்தியது துப்பாக்கி இல்லாதது அல்ல, நம்பக்கூடாத மக்கள் என்று முத்திரை குத்தப்பட்டது.

சட்டம் கடுமையாக இருந்ததால் துப்பாக்கி கிடைக்காமல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். எந்த உரிமப் பதிவேடும் அதைத் தடுக்கவில்லை.

முதல் உலகப்போர் முடிந்து 1920 வாக்கில் விதிகள் திருத்தப்பட்டபோது இன அடிப்படையிலான விலக்கு எடுக்கப்பட்டது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆக, சுதந்திரம் வந்தால் இது மாறும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இந்தக் கராச்சித் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. திருத்தம் தோற்றது. தேசப் பிரிவினைக் கலவரங்கள் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவைக் குறை சொல்வது கஷ்டம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றிய ஒரு விவகாரத்தில், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்று மறுபடி நினைவூட்டியது.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேர் திட்டிய 1878 சட்டத்தைச் சுதந்திர இந்தியா உடனே தூக்கிப் போடவில்லை. புதிய ஆயுதச் சட்டம் 1959-ல்தான் நிறைவேறியது. அது அமலுக்கு வந்தது 1962 அக்டோபர் 1. பதினைந்து வருடம் லிட்டன் சட்டமே ஓடியது.

இந்த 1959 சட்டத்தில்தான் விவசாயிக்கு ஒரு வாக்குறுதி இருக்கிறது. 13-வது பிரிவு. துப்பாக்கி உரிமம் கேட்டு வரும் விண்ணப்பங்களை அதிகாரி எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. பொதுவாக ரைபிள், ரிவால்வர், பிஸ்டல் போன்றவற்றுக்கு, தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களில் சட்டம் தாராளமாக இருக்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான சாதாரணத் துப்பாக்கி. அப்புறம், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. இவற்றைக் கேட்டு வருகிறவருக்கு, மறுக்க வேறு காரணம் இல்லையென்றால், உரிமம் வழங்க வேண்டும் என்பதே சட்டத்தின் சொல். நாட்டுத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் வேறு துப்பாக்கிக்கும் அதே காரணத்துக்காக உரிமம் தரலாம் என்று கூடுதலாக ஒரு வரியும் உண்டு.

1959-ல் இந்த வரியை எழுதியவர்கள் மனதில் இருந்த காட்சி தெளிவு. காட்டோரத்தில் ஒரு வயல், ராத்திரி பன்றி வருகிறது, விவசாயி பரண் மேல் உட்கார்ந்து சுடுகிறார், பயிர் தப்பிக்கிறது. உணவுத் தட்டுப்பாடு இருந்த நாட்டில் அது நியாயமான காட்சிதான்.

பிறகு 1972 வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆரம்பத்தில் அதிலும் வேட்டைக்கு உரிமம் வழங்க இடம் இருந்தது. பெரிய வேட்டை, சிறிய வேட்டை என்று வகை பிரித்திருந்தார்கள். 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். விளையாட்டு வேட்டை என்பதே முடிந்தது. ஆபத்தான விலங்கையோ பயிரை அழிக்கும் விலங்கையோ கொல்ல வேண்டுமென்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர், எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்பில் கொன்றால் மட்டும் குற்றமில்லை. யானையும் காட்டுமாடும் முதல் அட்டவணை. காட்டுப்பன்றி அதற்குக் கீழ் அட்டவணை. எதுவானாலும், ராத்திரி இரண்டு மணிக்குப் பன்றி வந்தால் காலையில் அனுமதிக்கு மனுப் போட வேண்டும்.

ஆக ஒரு சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் பயிரைத் தின்னும் எதையும் சுடக்கூடாது என்கிறது. உரிமப் புத்தகத்தில் காரணம் என்கிற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்றே எழுதியிருக்கும். நடைமுறையில் அந்தத் துப்பாக்கி மிஞ்சிப்போனால் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைப் பட்டாசு இன்னும் மலிவாகத் தருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு அரசியலமைப்பிலேயே வேர் இருக்கிறது. ஏழாவது அட்டவணையில் துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து எல்லாம் மத்தியப் பட்டியல். வனவிலங்குப் பாதுகாப்பு, 1976-ல் வந்த 42-வது திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பட்டியல். விவசாயமும் பயிரைப் பூச்சி முதலானவற்றிலிருந்து காப்பதும் மாநிலப் பட்டியல். துப்பாக்கிக்கு டெல்லி, பன்றிக்கு இருவரும், முட்டைக்கோசுக்குச் சென்னை. மூன்றும் ஒரே வயலில் சந்திக்கும்போது யார் பொறுப்பு என்பதற்கு எந்தப் பட்டியலிலும் விடை இல்லை.

வனவிலங்குச் சட்டத்தின் 34-வது பிரிவு நீலகிரிக்காரர்கள் பலருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆனாலும் அதைப்பற்றிப் பேச்சே கிடையாது. ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர் தன் பெயரை வனத்துறையிடமும் பதிவு செய்ய வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் வழங்க வேண்டுமென்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் தேவை. முதுமலை 1940-லிருந்தே சரணாலயம். மசினகுடி, கூடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாலே தெரியும். கலெக்டர் ஆபீஸ் கதவு ஒன்று, வனத்துறை கதவு இன்னொன்று.

இனி உரிமதாரரின் பக்கம். 1983 வரை ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று எண்ணிக்கை வரம்பே இல்லை. எஸ்டேட் பங்களாக்களில் மான் கொம்புக்குக் கீழே வரிசையாகத் துப்பாக்கிகள் மாட்டியிருக்கும் பழைய போட்டோக்கள் அந்தக் காலத்தவை. 1983 ஜூனில் அமலுக்கு வந்த திருத்தம் மூன்று என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் 90 நாளுக்குள் மிச்சத்தைப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. பஞ்சாப் பிரச்சனை கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1988 திருத்தம் இன்னும் ஒரு படி போய், தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி மரணம் நேர்ந்தால் கட்டாய மரண தண்டனை என்றது. அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2012-ல் செல்லாது என்று ரத்து செய்தது.

இதே 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் சாதாரணக் குடிமகனுக்கு ஏறக்குறைய மூடப்பட்டது. விளைவு, பொருளாதாரப் பாடத்தில் வரும் அளிப்பு, தேவை உதாரணம் போல. நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த இங்கிலாந்து, ஜெர்மனி துப்பாக்கிகளின் எண்ணிக்கை இனிக் கூடாது. எனவே தாத்தா காலத்துத் துப்பாக்கி பழசாகப் பழசாக விலை ஏறியது. மற்றவர்களுக்கு அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் செய்கிற .32 ரிவால்வரும், .315 ரைபிளும், 12 போர் துப்பாக்கியும்தான். ஒரே கம்பெனி, ஒரே சரக்கு, காத்திருப்புப் பட்டியல். அம்பாசடர் கார் காலத்து நிலைமை, கார் மாறிய பிறகும் துப்பாக்கியில் நீடித்தது.

2012 வாக்கில் ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்து தேசிய அளவில் ஒரே கணினித் தரவுத்தளத்தில் சேர்க்கும் வேலை ஆரம்பித்தது. எண் வாங்காத உரிமம் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைசித் தேதி பலமுறை தள்ளிப்போய் 2020 வரை இழுத்தது. 2016 ஜூலையில் புதிய ஆயுத விதிகள் வந்து 1962 விதிகளுக்கு விடை கொடுத்தன. இதில் நல்ல அம்சங்கள் உண்டு. முதல்முறை உரிமம் கேட்கிறவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பார் என்று உறுதிமொழி தர வேண்டும். போலீஸ் அறிக்கைக்கு 30 நாள் கெடு. உரிமதாரருக்கு 70 வயதானாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க வழி. தனியாரும் துப்பாக்கி தயாரிக்க வழி திறந்தது.

பெரிய மாற்றம் 2019 டிசம்பரில் வந்தது. உள்துறை அமைச்சர் அமித் ஷா கொண்டுவந்த ஆயுதச் சட்டத் திருத்தம். முதல் வரைவில் ஒருவருக்கு ஒரே துப்பாக்கி என்றுதான் இருந்தது. பஞ்சாப் முதல்வராக அப்போது இருந்த அமரிந்தர் சிங் உட்படப் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் மூன்று என்பது இரண்டானது. உரிமக் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமாகக் கூடியது. கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்து விற்றால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடும் வடநாட்டு வழக்கத்துக்கும் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் என்று வந்தது. (தமிழ்நாட்டில் அதற்கு அதிர்வேட்டே போதும்.)

மூன்று துப்பாக்கி வைத்திருந்தவருக்கு என்ன ஆனது? ஒரு வருடத்துக்குள், அதாவது 2020 டிசம்பர் 13-க்குள், ஒன்றை ஒப்படைக்க வேண்டும். அந்த வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் நஷ்ட ஈடு கிடையாது. விற்கலாம். ஆனால் யாருக்கு? வாங்குகிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும், அவரிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கக்கூடாது. நாடு முழுக்க மூன்றாவது துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் ஒரே வருடத்தில் விற்க வருகிறார்கள், வாங்கத் தகுதியுள்ளவர்களோ கொஞ்சம் பேர். சாதாரணத் துப்பாக்கிக்கு இந்தச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்? ஒப்படைத்து, விதித்த காலத்துக்குள் விற்கவும் முடியாவிட்டால் அது அரசுக்குச் சொந்தம். கணக்குப் புத்தக மொழியில் சொன்னால், தள்ளுபடி செய்ய வேண்டிய சொத்து. தாத்தாவிடமிருந்து வந்த துப்பாக்கிக்கும் இதே இரண்டு வரம்புதான். துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் தனியாகச் சலுகை தொடர்ந்தது.

இதற்கெல்லாம் மேலே தேர்தல். எந்தத் தேர்தல் அறிவித்தாலும் உரிமதாரர்களின் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொண்டால், அறிவிப்பு மார்ச் 16, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது, ஆனாலும் நடத்தை விதிகள் ஜூன் வரை. நீலகிரியில் அது பலா பழுக்கும் பருவம், யானை இறங்கும் பருவம். உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று ஐந்து வருட உரிமக் காலத்தில் எத்தனை மாதம் துப்பாக்கி வீட்டில் இருக்கும் என்று கூட்டிப் பார்க்கலாம். தேர்தலில் மிரட்டல் இருக்கக்கூடாது என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எல்லாருடையதையும் வாங்கி வைப்பதுதான் வழியா என்பதே கேள்வி.

இவ்வளவையும் படித்துவிட்டு, துப்பாக்கியைத் தாராளமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவுக்கு வந்தால் அது அவசர முடிவு. வீட்டில் துப்பாக்கி இருப்பது தற்கொலைக்கும் குடும்பச் சண்டைக் கொலைக்கும் எவ்வளவு வழி திறக்கும் என்பதை அமெரிக்கா தினமும் காட்டுகிறது. கட்டுப்பாடு வேண்டும். இங்கே இருக்கும் குறை வேறு. விவசாயிக்குக் கொடுத்த காரணம் போய்விட்டது, காரணத்தை எழுதிய வரி மட்டும் சட்டத்தில் அப்படியே நிற்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பியிருப்பது உரிமம் கேட்காத ஆயுதங்கள். பழத்துக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய், வேலியில் திருட்டுத்தனமாக விடும் மின்சாரம், சுருக்குக் கம்பி. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் சாகும் யானைகளின் செய்தி கோவை வனக்கோட்டத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பன்றிக்கு விட்ட மின்சாரத்தில் மனிதர்களும் சாகிறார்கள். துப்பாக்கிக்காவது ஒரு எண் உண்டு, அதன் பின்னால் ஒரு பெயர் உண்டு. அவுட்டுக்காய்க்குக் கிடையாது.

கேரளம் இதில் ஒரு வழி தேடியது. 2022 மே மாதம், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். சுடுவதற்கு உரிமம் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து ஆளைக் கூப்பிடுவது ஏற்பாடு. ஆக நிலம்பூரிலோ வயநாட்டிலோ உரிமம் வைத்திருக்கிற ஒருவருக்குப் பஞ்சாயத்திலிருந்து போன் வரலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் கூடலூரில் அதே மாதிரித் துப்பாக்கி, அதே மத்தியச் சட்டத்தின் கீழ் உரிமம், ஆனால் போன் வராது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் தன் முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உரிமதாரர்களுக்கு இதில் இடமில்லை. சமவெளி விவசாயிக்கு இது ஓரளவு உதவும். பர்லியாரில் காடு ரோட்டின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அங்கே ஒரு வயலைக் காட்டுவது கஷ்டம்.

யானைக்கு எந்த அறிவிப்பும் கிடையாது, அது எப்போதும் முதல் அட்டவணை. கோடையில் பலா பழுக்க ஆரம்பித்ததும் சமவெளியிலிருந்து கூட்டமாக ஏறி பர்லியார், குஞ்சப்பனைப் பக்கம் வந்துவிடும். வீட்டுப் பக்கத்தில் பலா மரம் வைத்திருப்பவர்களுக்கு வனத்துறை சொல்கிற யோசனை, யானை வருவதற்கு முன்பே காய்களை வெட்டி இறக்கிவிடுங்கள் என்பதுதான். அதற்குத் தேவைப்படுவது ஒரு அரிவாள். 1959 சட்டப்படி, அரசு தனியாக அறிவிக்காத பகுதிகளில், அரிவாள் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை.